மாதத் தவணை குறைவது வேறு, கடன் குறைவது வேறு

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: 2019-இல் கல்லடியில் வீடு கட்ட 20 வருடத்துக்கு 44 லட்சம் கடன் எடுத்தீர்கள், இப்போது 40 லட்சம் மிச்சம், 168 மாதம் பாக்கி, வட்டி 14.5 சதவீதம், மாதம் 55,744 ரூபா கட்டுகிறீர்கள். இன்னொரு வங்கி, முதல் ஐந்து வருடத்துக்கு நிலையான 11.5 சதவீதத்துக்கு அதே 40 லட்சத்தைத் தருகிறது, மாதம் 42,657 கட்டினால் போதும் என்கிறது, 13,000 ரூபா மிச்சம், மாறலாமா? கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். ஆறு வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டியும் நாலு லட்சம்தான் குறைந்திருக்கிறது, இந்தக் கடனில் இருந்து நாங்கள் எப்போது வெளியே வருவோம் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் இருந்தவன். கடன் கொடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் ஒபர் லெட்டரையும் காணி உறுதியையும் நான் பார்க்கவில்லை, அதனால் நீங்கள் எழுதிய எண்களை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன். எண் மாறினால் முடிவும் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் அந்த 13,000 ரூபா எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள். புதிய வங்கி உங்களுக்குத் தருவது 20 வருடக் கடன். உங்களுக்குப் பாக்கி இருப்பது 14 வருடம். ஆக, வட்டி குறைவதால் கொஞ்சம், ஆறு வருடத்தைக் கூட்டிப் போட்டதால் கொஞ்சம் என்று இரண்டும் சேர்ந்துதான் தவணை இறங்குகிறது. இப்போதைய கடனை அப்படியே கட்டி முடித்தால் 55,744 ரூபா வீதம் 168 மாதம், மொத்தம் ஏறக்குறைய 93 லட்சத்து 65 ஆயிரம். புதிய கடனில் 42,657 ரூபா வீதம் 240 மாதம், மொத்தம் 102 லட்சத்து 38 ஆயிரம். மூன்று சதவீதம் வட்டி குறைந்தும், எட்டே முக்கால் லட்சம் கூடக் கட்டுகிறீர்கள். உங்களுக்கு இப்போது 39 வயது, பழைய கடன் 53-இல் முடியும், புதியது 59-இல் முடியும்.

இன்னும் கிட்டப் போய் முதல் மாதத்தை மட்டும் பாருங்கள். இப்போது நீங்கள் கட்டும் 55,744 ரூபாவில் 48,333 ரூபா வட்டிக்குப் போகிறது, 7,411 ரூபாதான் கடனின் முதலில், அதாவது அசலில், கழிகிறது. புதிய வங்கியின் 42,657 ரூபாவில் 38,333 வட்டிக்கு, 4,324 முதலுக்கு. அதாவது வட்டி 10,000 குறைந்தது உண்மை, அது உங்களுக்குக் கிடைக்கும் நன்மை. மீதி 3,000 ரூபா நீங்கள் கடனைக் குறைக்காமல் கையில் வைத்துக்கொள்ளும் காசு. ஆறு வருடத்தில் நாலு லட்சம்தான் குறைந்தது என்று நீங்கள் நொந்துபோய் எழுதியிருக்கிறீர்கள், இந்த 20 வருடக் கடனில் முதல் இறங்கும் வேகம் அதைவிடவும் மெதுவாகத்தான் தொடங்கும்.

அதனால் வங்கியை ஒப்பிடும்போது காலத்தைச் சமமாக வைத்துக் கேளுங்கள். "20 வருடம் வேண்டாம், எனக்கு 14 வருடத்துக்கே போட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் 11.5 சதவீதத்துக்கு மாதத் தவணை 48,002 ரூபா வரும். இப்போது கட்டுவதைவிட 7,742 ரூபா குறைவு. இதுதான் வட்டி குறைந்ததால் கிடைக்கும் உண்மையான மிச்சம். வட்டி கடைசி மாதம் வரை 11.5-இலேயே நின்றால் 168 மாதத்தில் 13 லட்சம். இந்தக் கணக்கைச் செய்ய யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, எக்செல்லில் பி.எம்.டி. என்ற ஃபங்ஷன் இருக்கிறது, கைத்தொலைபேசியில் கடன் கல்குலேட்டர் எத்தனையோ இருக்கிறது.

அப்புறம் செலவு. வங்கி மாற்றுவதென்றால் பழைய வங்கியில் கடனைத் தீர்த்து, ஈட்டை விடுவித்து, புதிய வங்கியில் புதிதாக ஈட்டு உறுதி எழுதி, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். முன்கூட்டித் தீர்த்தால் பாக்கியில் 3 சதவீதம் என்று உங்கள் பழைய ஒபர் லெட்டரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது 1,20,000 ரூபா. புதிய வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மதிப்பீட்டாளர், லோயர், உறுதித் தேடல், முத்திரைத் தீர்வை, பதிவு, புதிய கடன் காப்புறுதி எல்லாம் சேர்த்து இன்னொரு 1,20,000 வரும் என்று அவர்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 2,40,000. இதை 7,742-ஆல் வகுத்தால் 31 மாதம். இரண்டு வருடம் ஏழு மாதம் கட்டிய பிறகுதான் உங்கள் கைக்கு முதல் ரூபா மிஞ்சத் தொடங்கும். செலவையும் கடனோடு சேர்த்துப் போடலாம் என்று சொல்வார்கள். வேண்டாம், அந்த 2,40,000-க்கும் 14 வருடம் வட்டி கட்டுவீர்கள்.

காப்புறுதியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பழைய கடனுக்கு முழுப் பிரீமியத்தையும் ஆரம்பத்திலேயே கட்டியிருந்தால், கடனை இடையில் தீர்க்கும்போது பாக்கிக் காலத்துக்கு ஒரு தொகை திரும்பி வருமா என்று காப்புறுதிக் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதை நான் அதிகம் கண்டதில்லை. புதிய காப்புறுதி உங்கள் இப்போதைய வயதுக்குப் போடப்படும், வயது கூடக் கூட பிரீமிய வீதமும் கூடும்.

இனி இதில் எது நிச்சயம், எது நிச்சயமில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 31 மாதம், 2,40,000 செலவு, முதல் ஐந்து வருடத்துக்கு 11.5 என்பவை நிச்சயம். ஐந்து வருடத்துக்குப் பிறகு வட்டி என்ன என்பது யாருக்கும் தெரியாது, உங்களுக்கு ஒபர் தந்த அந்தக் கிளை மனேஜருக்கும் தெரியாது. அதன் பிறகு வட்டி முதன்மைக் கடன் வீதத்தோடு ஓடும் என்று அவர்கள் கடிதத்திலேயே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீதத்தை மத்திய வங்கி ஒவ்வொரு வாரமும் வெளியிடுகிறது, வங்கிகள் தங்கள் மிக நம்பிக்கையான வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடன் வட்டியின் சராசரி அது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை (வங்கிகளுக்கான தன் அடிப்படை வட்டியை) ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது, அந்த வருடக் கடைசியில் இந்த முதன்மை வீதம் 27-ஐயும் தாண்டி நின்றது. 40 லட்சத்துக்கு 27 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டும் 90,000 ரூபா. கொள்கை வட்டி 2023 ஜூனில் இருந்துதான் இறங்கத் தொடங்கியது, 2024 நவம்பரில் மத்திய வங்கி ஒரே கொள்கை வீதமாக மாற்றியபோது அது 8, 2025 மே மாதத்தில் 7.75. இறங்கிய வேகத்தைப் பார்த்து இனி எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏறும்போது எவ்வளவு வேகமாக ஏறியது என்பதை நாங்கள் எல்லோரும் எங்கள் வீட்டிலேயே பார்த்தவர்கள்.

எனவே 14 வருடத்துக்கு 13 லட்சம் மிச்சம் என்ற எண்ணை ஓரமாக வையுங்கள், நிச்சயமாகத் தெரிந்த ஐந்து வருடத்தை மட்டும் எடுங்கள். மாதம் 7,742 வீதம் 60 மாதத்தில் 4,64,520. அதோடு, வட்டி குறைந்ததால் ஐந்து வருட முடிவில் உங்கள் கடன் பாக்கியும் பழைய கடனில் இருந்திருக்கும் பாக்கியைவிட ஏறக்குறைய 1,31,000 குறைவாக இருக்கும். இந்த இரண்டாவது எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதுவும் உங்கள் காசுதான். இரண்டையும் கூட்டி, செலவு 2,40,000-ஐக் கழித்தால் 3,56,000 அளவில் நிற்கிறது. நல்ல தொகைதான், மாறுவது நட்டம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் மாறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. புதிய வங்கியின் ஒபர் லெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் பழைய வங்கிக்குப் போங்கள். கவுண்டரில் கேட்க வேண்டாம், கிளை மனேஜருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: கடன் எண், ஆறு வருடமாகத் தவணை தவறாமல் கட்டியது, சந்தையில் இப்போது இந்த வட்டிக்குக் கிடைக்கிறது, எனவே என் வட்டியைத் திருத்தித் தரும்படி கேட்கிறேன், தராவிட்டால் தீர்வுக் கடிதம் (கடனை முழுதாக அடைக்க எவ்வளவு என்று காட்டும் கடிதம்) தாருங்கள். புதிய ஒபரின் பிரதியை இணையுங்கள், கடிதம் கிடைத்ததாக உங்கள் பிரதியில் ஒரு சீலும் திகதியும் வாங்குங்கள். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இது எப்படிப் பார்க்கப்படும் என்று எனக்குத் தெரியும். ஒழுங்காகக் கட்டும் வீட்டுக் கடன் ஒன்றை இழப்பது எந்தக் கிளைக்கும் விருப்பமில்லாத காரியம், அதுவும் பாக்கி 40 லட்சம் உள்ள ஒன்றை. கிளைக்கு அதிகாரம் இல்லாவிட்டால் பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். வாயால் கேட்பவருக்கு "பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைக்கும், கடிதம் என்றால் யாராவது ஒருவர் அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் 11.5 தரமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 12.5 தருகிறார்கள் என்று எடுங்கள், அதே 168 மாதம். தவணை 50,527 ஆகும், மாதம் 5,217 மிச்சம். ஈட்டு உறுதியை மாற்ற வேண்டியதில்லை, லோயர் இல்லை, மதிப்பீட்டாளர் இல்லை, 3 சதவீதமும் இல்லை. ஐந்து வருடக் கணக்கைப் போட்டால் தவணையில் 3,13,000, கடன் பாக்கியில் 86,000 அளவு, மொத்தம் 3,99,000. வங்கியை மாற்றினால் கிடைக்கும் 3,56,000-ஐ விட இது கூட! இரண்டு சதவீதம் குறைக்கும் பழைய வங்கி, மூன்று சதவீதம் குறைக்கும் புதிய வங்கியை ஐந்து வருடத்தில் முந்திவிடுகிறது, செலவு இல்லாததால். புதிய வங்கி முந்த ஆறு வருடத்துக்கும் கொஞ்சம் கூட ஆகும், அதற்கு முன்னரே அதன் நிலையான வட்டி முடிந்துவிடும். ஒரு நிபந்தனை, பழைய வங்கி தரும் 12.5 எத்தனை வருடத்துக்கு நிலையாக இருக்கும் என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் இந்தக் கணக்கு நிற்காது. ஐந்து வருடம் கேளுங்கள், மூன்று கிடைத்தால் திரும்ப ஒருமுறை கணக்கைப் போடுங்கள்.

வட்டி குறைந்த பிறகு இன்னொன்று செய்ய முடிந்தால் உங்கள் உண்மையான கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. தவணையைக் குறைக்க வேண்டாம், இப்போது கட்டும் 55,744-ஐயே தொடர்ந்து கட்டுங்கள். 12.5 நீடித்தால் கடன் 168 மாதத்துக்குப் பதிலாக 133 மாதத்தில் முடியும், கிட்டத்தட்ட மூன்று வருடம் முன்னதாக. 53-க்குப் பதிலாக 50 வயதில் வளவு முழுக்க உங்களுடையது. கூடுதலாகக் கட்டும் காசு அசலில்தான் கழிய வேண்டும், அடுத்த மாதத் தவணைக்கு முற்பணமாகப் போகக் கூடாது, இதையும் எழுத்தில் கொடுங்கள். ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவு ஏறிக்கொண்டு போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் கையில் காசு இல்லாமல் நகையை அடகு வைத்து இந்தத் தவணையைக் கட்டுகிறீர்கள் என்றால், தவணையைக் குறைப்பதுதான் சரி, அதில் வெட்கம் எதுவும் இல்லை. அடகு வட்டி கட்டிக்கொண்டு வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதில் பிரயோசனம் இல்லை.

இனிக் காகிதங்கள். எங்கள் பக்கத்தில் வங்கி மாற்றம் பாதியில் நின்று போவது பெரும்பாலும் இங்கேதான். உறுதி உங்கள் பேரில், அம்மா சீதனமாக எழுதித் தந்த காணி என்றீர்கள். அந்த உறுதியில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை) ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமும் மகளுக்கு வீடு எழுதும்போது அப்படி எழுதுவது சாதாரணம். இருந்தால் புதிய ஈட்டு உறுதியில் அவர்களும் கையொப்பம் வைக்க வேண்டி வரும். 2019-இல் வைத்த அம்மா இப்போது வெளிநாட்டில் இருந்தாலோ, படுக்கையில் இருந்தாலோ அது பெரிய வேலை. காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழ் வேண்டும். புதிய வங்கியின் லோயர் உறுதியின் பின்னணியைத் திரும்பவும் ஆரம்பத்தில் இருந்து தேடுவார், பழைய வங்கி பார்த்தது போதும் என்று எந்த வங்கியும் ஏற்காது. 2004 சுனாமியில் பழைய உறுதிகள் போய், பதிவகப் பிரதியை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேடல் இன்னும் இழுபடும். நில அளவைப் படம், கட்டட அனுமதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாம் புதிதாகக் கேட்பார்கள். 2019-க்குப் பிறகு பின்பக்கம் ஒரு அறையோ மேல்மாடியோ அனுமதி இல்லாமல் கட்டியிருந்தால் அதையும் மதிப்பீட்டாளர் எழுதுவார்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் காணி அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி என்றால், எல்லா வங்கியும் அதை ஈடாக எடுப்பதில்லை, பிரதேச செயலாளரின் சம்மதமும் தேவை. எனவே முன்கட்டணம் எதையும் கட்டுவதற்கு முன் அதை முதலில் கேளுங்கள். அரச உத்தியோகத்தருக்கான சலுகை வட்டிக் கடன் என்றால், வேறு வங்கிக்கு மாற்றியதும் அந்தச் சலுகை தொடருமா என்று எழுத்தில் கேட்காமல் ஒரு அடியும் வைக்க வேண்டாம். இஸ்லாமிய வங்கிப் பிரிவில் வீடு எடுத்த காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது ஆட்களுக்கும் ஒப்பந்தம்தான் வேறு, மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம், எத்தனை மாதம், வெளியேறும் செலவு என்ன என்ற கணக்கு இதேதான்.

உங்கள் பதிவின் கீழே ஒருவர், நிதிக் கம்பனி ஒன்றில் 9 சதவீதத்துக்குத் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அது பிளாட் வட்டியா என்று கேளுங்கள். பிளாட் என்றால் கடன் குறையக் குறைய வட்டி குறையாது, முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி. 10 வருடத்துக்கு 9 சதவீதம் பிளாட் என்பது, குறையும் மீதிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 14.5 சதவீதம். நீங்கள் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் அதே வட்டி!

கடைசியாக ஒன்று, எந்த வங்கிக்குப் போவதாக இருந்தாலும் இந்தக் கடிதப் போக்குவரத்து முடியும் வரை ஒரு தவணையையும் நிறுத்த வேண்டாம். "எப்படியும் தீர்க்கப் போகிறோம்தானே" என்று இரண்டு மாதம் விட்டவர்களின் விண்ணப்பம் கிரிப் அறிக்கையில் (கடன் தகவல் பணியகம் தரும், உங்கள் கடன்களின் வரலாறு) பிந்திய தவணையைக் கண்டதும் புதிய வங்கியில் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது பழைய வங்கியிடமும் பேரம் பேச வாய் இராது. கிரிப் அறிக்கையை நீங்களே முன்கூட்டி எடுத்துப் பாருங்கள், எப்போதோ மூடிய கடனட்டை ஒன்று அதில் பாக்கியாகக் கிடந்தால் இப்போதே சரிசெய்யலாம்.

பழைய வங்கிக்குக் கடிதம் கொடுத்து பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள்: அவர்கள் தரும் வட்டி, அது எத்தனை வருடத்துக்கு, தீர்வுக் கடிதத்தில் போட்ட மொத்தத் தொகை, இந்த மூன்றும் போதும். எந்தப் பதிலும் இல்லை, அல்லது ஒரு சதவீதம்கூடக் குறைக்க மாட்டோம் என்றால், 14 வருடத்துக்கே போட்டு, செலவைக் கையில் இருந்து கட்டி, மாறுங்கள் என்றுதான் சொல்வேன்.